முதல் பந்தயத்துக்கு முன்: கிளப் பாய்மரப் படகைப் பாதுகாப்புப் பரிசோதனைக்குத் தயார் செய்ய முழு வழிகாட்டி

6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகு விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கடக்கிறது. அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், பாய் மாற்றிக்கொண்டிருந்தவர் தவறித் தண்ணீரில் விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சுக்கான் பிடித்திருப்பவர் மிதவையை எடுத்து வீச 10 விநாடி ஆனால் இடைவெளி 30 மீட்டர். அரை நிமிடம் ஆனால் 90 மீட்டருக்கு மேல். அலை எழும் கடலில் அந்தத் தூரத்தில் ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது, தண்ணீரில் தொப்பியைத் தவறவிட்டுத் தேடியவர்களுக்குத் தெரியும்.

கிளப் பரிசோதகராகப் பல படகுகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு படகில் படிவத்தைப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டிருந்தது. லாட வடிவ மிதவையும் கம்பியில் பளிச்சென்று தொங்கியது. "எடுத்துக் கொடுங்கள்" என்றேன். பயணத்தில் கழன்று போகக் கூடாதே என்று மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அவிழ்க்க 40 விநாடிக்கு மேல் ஆயிற்று. அதுவும் படகு கட்டித்துறையில் அசையாமல் நிற்கும்போது, உலர்ந்த கையால், பகல் வெளிச்சத்தில்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பொருள் படகில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. யார், எங்கிருந்து, எத்தனை விநாடியில் எடுப்பார் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டு பரிசோதனைக்கு வாருங்கள்.

படி 1: உங்கள் பந்தயத்துக்கு எந்த விதி?

கடைக்குப் போவதற்கு முன் காகிதத்தைப் படியுங்கள். பந்தய அறிவிப்பு, பயண அறிவுறுத்தல் இரண்டையும் முழுதாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் பாய்மரப் பந்தயங்களுக்கான உலக அமைப்பான வேர்ல்டு செயிலிங் அமைப்பின் ஆஃப்‌ஷோர் ஸ்பெஷல் ரெகுலேஷன்ஸ் தொகுப்பையோ, அதைத் தழுவித் தாங்களே எழுதிய பட்டியலையோ பின்பற்றுகின்றன. அந்தத் தொகுப்பு பந்தயங்களை 0 முதல் 4 வரை பிரிக்கிறது. பெருங்கடலைக் கடக்கும் பந்தயம் பிரிவு 0. கரையை ஒட்டி, வெதுவெதுப்பான அல்லது காப்பான நீரில், பொதுவாகப் பகலில் நடக்கும் குறுகிய பந்தயம் பிரிவு 4. துறைமுகத்துக்குள்ளும் கரையோரத்திலும் நடப்பவற்றுக்குத் தனிப் பின்னிணைப்பு உண்டு. வார இறுதிக் கிளப் பந்தயங்கள் பெரும்பாலும் பிரிவு 4 அல்லது அந்தப் பின்னிணைப்புக்குள் அடங்கும். திறந்த கடலைக் குறுக்கே கடக்கும் பந்தயம் ஒன்று சீசனில் இருந்தால் பிரிவு 3 வரலாம். அப்போது செலவும் வேலையும் கணிசமாக ஏறும். எனவே சீசன் அட்டவணை முழுவதையும் பார்த்து, நீங்கள் ஓடப்போகும் மிகக் கடினமான பந்தயத்துக்கு ஏற்ப ஆயத்தம் செய்யுங்கள்.

இந்தத் தொகுப்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. பந்தய விதிப் புத்தகம் 4 ஆண்டுக்கு ஒரு முறை மாறுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025–2028 பதிப்பு. போன சீசன் அச்செடுத்த பட்டியலை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

படி 2: லைஃப் ஜாக்கெட் (ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்)

என் கணிப்பில் பரிசோதனையில் மிக அதிகம் சிக்குவது இதுதான். மாற்று உதிரி வந்து சேர நாளாகும் என்பதால் முதலில் இதை முடித்துவிடுங்கள்.

முதலில் ரகம். ஐ.எஸ்.ஓ 12402 தரவரிசையில் 50 நியூட்டன் மிதப்பு விசை என்பது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை உதவி மட்டுமே. மயங்கியவரை அது மல்லாக்கத் திருப்பாது. டிங்கி எனும் சிறு படகுகளில், பக்கத்தில் மீட்புப் படகு இருக்கும்போது அது பொருத்தம். கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எடைமிக்க பகுதி) உள்ள படகில் 150 நியூட்டன் காற்றடைப்பு ஜாக்கெட்தான் வழக்கம்.

இனி ஒவ்வொரு ஜாக்கெட்டையும் மேசை மேல் விரித்து இதைச் செய்யுங்கள்:

மேலுறையைத் திறந்து வாயுக் குப்பியைக் கழற்றுங்கள். அதன் வாய்ப் பகுதியில் துளை இருந்தால் அது ஏற்கெனவே வெடித்த குப்பி. துளை இல்லையென்றால் தராசில் வைத்து எடை பாருங்கள். குப்பியிலேயே குறைந்தபட்ச மொத்த எடை பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே இருந்தால் வாயு கசிந்திருக்கிறது. 150 நியூட்டன் ஜாக்கெட்டுக்குப் பொதுவாக 33 கிராம் வாயு கொண்ட குப்பி வரும். அந்த 33 கிராம் உள்ளிருக்கும் வாயுவின் எடை மட்டும், குப்பியின் எடை அல்ல. பலர் இங்கே குழம்புகிறார்கள். துருப் பிடித்த குப்பியை மாற்றுங்கள். துரு, பையின் துணியையும் அரித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

தானியங்கி இயக்கியில் உள்ள கரையும் பகுதிக்கும் நீரழுத்த இயக்கிக்கும் காலாவதித் தேதி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பையைக் கைப்பம்பால் ஊதி ஓர் இரவு முழுக்க வையுங்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போய்த் தங்கும். காலையில் தளர்ந்திருந்தால் அந்த ஜாக்கெட் கதை முடிந்தது, புதிது வாங்குங்கள். ஒட்டுப் போட முயல வேண்டாம்.

கடைசியாகக் குப்பியைக் கையால் இறுக்கித் திருகுங்கள். இது அற்பமான வேலை போலத் தோன்றும். ஒரு சீசன் முழுக்க நானே அணிந்திருந்த ஜாக்கெட்டை இப்படித் திறந்தபோது குப்பி இரண்டு சுற்றுத் தளர்ந்திருந்தது. கயிற்றை இழுத்திருந்தால் நெம்புகோல் அசைந்திருக்கும், ஊசி குப்பியை எட்டியிருக்காது. படகின் அதிர்விலும், மடித்து மடித்து வைப்பதிலும் திருகு தானாகவே கழலும். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை, மேலுறை வழியாகவே விரல் விட்டுத் திருகிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

தொடையிடைப் பட்டை இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் மேலேறி முகத்தை மூடும். அதனால் பட்டை இருந்தால் மட்டும் போதாது, அணிந்தும் இருக்க வேண்டும். விசில், விளக்கு, தெறிநீர் முகமூடி ஆகியவை உங்கள் பிரிவு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டாலும் முகமூடி வாங்குங்கள் என்பேன். மிதப்பவர் மூச்சுத் திணறுவது பல நேரம் முகத்தில் ஓயாமல் அடிக்கும் நுரையால்தான். படகின் பெயரை அழியாத மையால் எல்லா ஜாக்கெட்டிலும், மிதவையிலும் எழுதுங்கள்.

படி 3: பாதுகாப்புக் கம்பியும் இணைப்பு வாரும்

மேல்தளத்தைச் சுற்றி ஓடும் கம்பிக்குத் தெளிவான அளவு உண்டு. 8.5 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு 3 மி.மீ., 8.5 முதல் 13 மீட்டர் வரை 4 மி.மீ., அதற்கு மேல் 5 மி.மீ. குறைந்தபட்ச விட்டம். நிற்கும் தூண்களுக்கு இடையே 2.2 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. 8.5 மீட்டர் முதல் மேலே இரட்டைக் கம்பி, மேல்கம்பி குறைந்தது 600 மி.மீ. உயரத்தில் வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே துரு தின்றாலும் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட கம்பி உங்கள் படகில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இழுவையை அளக்க 4 லிட்டர் தண்ணீர் நிரப்பிய ஒரு கேனும் நூலும் அளவுகோலும் போதும். பாய்மரத்துக்குப் பின்னால் உள்ள மிக நீளமான இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். இரு தூணின் உச்சிக்கும் இடையே நூலை இறுக்கிக் கட்டுங்கள். கம்பியின் நடுவில் கேனைத் தொங்கவிடுங்கள், அதாவது 4 கிலோ. நூலிலிருந்து கம்பி எவ்வளவு கீழே இறங்கியது என்று அளங்கள். மேல்கம்பி 50 மி.மீ., நடுக்கம்பி 120 மி.மீ. தாண்டக் கூடாது. நுனியில் கயிற்றால் கட்டி இறுக்கும் முறையாக இருந்தால் அந்தக் கட்டின் நீளம் 100 மி.மீ.க்குள் இருக்கட்டும். கயிற்றை ஆண்டுதோறும் மாற்றுங்கள். வெயிலில் நைந்த கயிறு வெளித்தோற்றத்தில் நன்றாகவே இருக்கும்.

இதில் பாதுகாப்போடு நேர்மையும் கலந்திருக்கிறது. தொய்ந்த கம்பியில் சாய்ந்தால் குழுவினரின் உடல் எடை படகுக்கு வெளியே போகும், படகு நிமிரும், வேகம் கூடும். பந்தய விதி 49 உடலின் மேற்பகுதியைக் கம்பிக்கு வெளியே வைப்பதைக் கட்டுப்படுத்துவதும், கம்பி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். எதிர்ப்பு மனு வந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் எடுபடாது.

உடலைப் படகோடு இணைக்கும் வார் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஐ.எஸ்.ஓ 12401 முத்திரை இருக்கிறதா பாருங்கள். பல வார்களில் அதிக இழுவை வந்தால் தையல் பிரிந்து வண்ணக் கொடி வெளியே தெரியும்படி அமைத்திருப்பார்கள். கொடி தெரிந்தால் அந்த வார் குப்பைக்கு. 2017இல் உலகைச் சுற்றிய பந்தயம் ஒன்றில் ஒருவர் கடலில் விழுந்தபோது, அவருடைய வாரின் கொக்கி மேல்தளத்தில் கயிறு கட்டும் கிளீட்டின் அடியில் மாட்டி, பக்கவாட்டு இழுவையில் வளைந்து திறந்துகொண்டது. அவர் உயிர் பிழைக்கவில்லை. நேர்க்கோட்டில் இழுத்தால் பெரும் எடையைத் தாங்கும் கொக்கி, பக்கவாட்டில் அப்படித் தாங்காது. ஆகவே உங்கள் படகில் வார் மாட்டும் பட்டை எந்தக் கிளீட்டின் அருகே போகிறது என்று மண்டியிட்டுப் பாருங்கள். கொக்கி நழுவிப் போய் எதன் அடியில் நுழையக்கூடும் என்று கையால் நகர்த்திச் சோதியுங்கள். தேவையானால் பட்டையின் பாதையை மாற்றுங்கள்.

படி 4: விழுந்தவரை மீட்கும் பொருள்களும் பயிற்சியும்

லாட மிதவை, அதன் தானாக எரியும் விளக்கு, வீசுகயிறு. இவை மூன்றும் சுக்கான் பிடிப்பவர் இருக்கையை விட்டு எழாமல் கை நீட்டும் தொலைவில் இருக்க வேண்டும். வீசுகயிறு 15 முதல் 25 மீட்டர். பைக்குள் அடைத்த வகை நல்லது. பைக்குள் கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் திணியுங்கள். சுருட்டினால் வீசும்போது சிக்கும். தலைகீழாகத் தொங்கும் விளக்கை நிமிர்த்திப் பிடித்து எரிகிறதா பாருங்கள்.

பொருளை விட முக்கியம் பயிற்சி. ஒரு மிதவையில் வாளி கட்டிக் கடலில் போட்டு, சீசனுக்கு முன் குறைந்தது ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். எனக்குப் பிடித்தது உடனடி நிறுத்த முறை. விழுந்ததும் எல்லோரும் கேட்கும்படி கத்துங்கள். ஒருவர் வேறெதுவும் செய்யாமல் விழுந்தவரையே விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கட்டும். சுக்கானைத் திருப்பிக் காற்றை எதிர்கொண்டு மறுபக்கம் வாருங்கள். முன்பாயை விடுவிக்காதீர்கள். அது எதிர்க்காற்றில் உப்பிப் படகின் வேகத்தைக் குறைக்கும். அப்படியே சுற்றி வந்து, விழுந்தவருக்குச் சற்றுக் கீழ்க்காற்றிலிருந்து மெதுவாக நெருங்குங்கள்.

பலர் பயிற்சியை இங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். உண்மையான சிரமம் இதற்குப் பிறகுதான். நனைந்த உடையோடு சோர்ந்து போன பெரிய மனிதரை, ஒரு மீட்டர் உயரமுள்ள படகுச் சுவருக்கு மேலே இரண்டு பேர் கையால் தூக்க முடியாது. பாய் ஏற்றும் கயிற்றை அவருடைய ஜாக்கெட் வளையத்தில் மாட்டி வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில்) சுற்றித்தான் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றின் கொக்கி தண்ணீர் மட்டம் வரை எட்டுகிறதா? வின்ச்சுக்குப் போகும் வழியில் உரசுகிறதா? உங்கள் குழுவில் மிக எடை குறைந்த இருவர், மிக எடை கூடியவரைத் தூக்க முடிகிறதா? அமைதியான நீரில், கட்டித்துறை ஓரமாக, ஒருவரை உண்மையிலேயே தண்ணீரில் இறக்கிச் செய்து பாருங்கள். ஏதாவது ஒன்று சரிப்படாமல் போகும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். குளிர்ந்த நீரில் கை கால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம்தான். அதற்குப் பிறகு அவரால் கயிற்றைப் பிடிக்கக்கூட இயலாது. தூக்கும் முறை அவருடைய ஒத்துழைப்பை நம்பி இருக்கக் கூடாது.

படி 5: நீர்மட்டத்துக்குக் கீழே, பாய்மரத்துக்கு மேலே

படகின் உடலில் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு குழாயையும் கண்டுபிடியுங்கள். கழிவறை, கைகழுவும் தொட்டி, எஞ்சின் நீர், வேகமானி எல்லாம் சேர்த்து. ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடுங்கள். அசையாத வால்வு, இல்லாத வால்வுக்குச் சமம். துளையை அடைக்கக் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைப் பொருத்தமான அளவில் ஒவ்வொன்றின் அருகிலும் கட்டி வையுங்கள். எல்லாக் கட்டைகளையும் ஒரு பையில் போட்டு அலமாரியில் வைப்பதில் பயனில்லை. தண்ணீர் இறைக்கக் கயிறு கட்டிய, 9 லிட்டர் பிடிக்கும் உறுதியான வாளி இரண்டு வேண்டும்.

கீல் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2011 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் ராம்ப்ளர் 100 என்ற படகு கீலை இழந்து கவிழ்ந்தது. அதில் இருந்த 21 பேரும் மீட்கப்பட்டார்கள். 2014இல் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற படகு கீல் கழன்று கவிழ்ந்தபோது அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தார்கள். உங்கள் படகு எப்போதாவது தரை தட்டியிருந்தால், அது மெதுவாகத்தான் என்றாலும், மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கீல் உடலோடு சேரும் இடத்தில் முடி அளவு விரிசல், துருக் கசிவு, உள்பக்கத்தில் கீல் போல்ட்டைச் சுற்றிய ஈரம், தாங்கு சட்டங்களில் பிரிவு ஆகியவற்றைத் தேடுங்கள். உயர் பிரிவுகளில் தகுதி பெற்றவர் செய்த கட்டமைப்புச் சோதனை 24 மாதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் பிரிவு கேட்காவிட்டாலும், பழைய படகு என்றால் செய்துவிடுங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் மேல் மெல்லிய காகிதக் கைக்குட்டையை ஓடவிடுங்கள். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் காகிதம் கிழிந்து மாட்டும். வெறுங்கையால் செய்தால் விரல் கிழியும். பூட்டூசிகள் எல்லாம் விரித்து, நாடா சுற்றியிருக்கட்டும்.

உள்ளறை வாசலின் மூடுபலகைகளைக் கயிற்றால் கட்டுங்கள். 1979 ஃபாஸ்ட்நெட் புயலில், 303 படகுகள் புறப்பட்டு 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அன்று பல படகுகள் கவிழ்ந்து எழுந்தபோது பலகைகள் கழன்று விழுந்து உள்ளே கடல் புகுந்தது. கொஞ்சம் கயிறு இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விஷயம். பேட்டரி, நங்கூரம், கருவிப் பெட்டி ஆகியவையும் படகு தலைகீழானாலும் இடம் மாறாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

படி 6: ரேடியோ, ஃபிளேர், தீ

இவற்றில் சொல்ல அதிகம் இல்லை, செய்யத்தான் வேண்டும். நிலையான வி.எச்.எஃப் ரேடியோவில் படகை அடையாளம் காட்டும் உங்கள் 9 இலக்க எம்.எம்.எஸ்.ஐ எண் பதிவாகியிருக்கிறதா, ஜி.பி.எஸ் இடம் காட்டுகிறதா பாருங்கள். சோதனைப் பேச்சுக்கு 16ஆம் சேனலைப் பயன்படுத்தாமல் கிளப்பின் வேலைச் சேனலில் பேசுங்கள். மேல்தளத்தில் ஒரு கையடக்க ரேடியோ இருக்கட்டும். பாய்மரம் முறிந்தால் அதன் உச்சியிலுள்ள ஆன்டெனாவும் போகும் என்பதை மறக்க வேண்டாம். மேடே எனும் அபாய அழைப்பின் வாசகத்தைப் படகின் பெயரோடு பெரிய எழுத்தில் எழுதி ரேடியோ அருகே ஒட்டுங்கள். பதற்றத்தில் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) அல்லாத ஒருவர்தான் அதைப் படிக்க நேரும்.

ஃபிளேர்களின் (அபாய ஒளிச் சமிக்ஞைகளின்) காலாவதித் தேதியைப் பாருங்கள். காலாவதியானவற்றை வேறாகப் பிரித்து, முறைப்படி ஒப்படையுங்கள். தீயணைப்பானைச் சமையலடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். அடுப்பு எரியும்போது அதை எட்ட முடியாது.

படி 7: சான்றிதழும் எடையும்

ரேட்டிங் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும் என்பது விதி 78. வெவ்வேறு படகுகளை ஒப்பிட உதவும் ஐ.ஆர்.சி ரேட்டிங் முறையில், படகு எடுத்த நேரத்தை அதற்குரிய காரணியால் பெருக்குவார்கள். காரணி 0.950 உள்ள படகு 2 மணி நேரத்தில் முடித்தால் திருத்திய நேரம் 1 மணி 54 நிமிடம். அந்தக் காரணி சான்றிதழில் சொன்ன எடைக்கும் பாய்களுக்கும் உரியது. புது ஸ்பின்னேக்கர் (பின்காற்றில் விரிக்கும் பெரிய பாய்) வாங்கினீர்கள், எஞ்சினை மாற்றினீர்கள் என்றால் தெரிவித்துத் திருத்துங்கள். எடையைக் குறைக்கத் தரைப்பலகைகளைக் கழற்றி வீட்டில் வைக்கும் பழக்கமும் விதி 51க்கு எதிரானது.

படி 8: பரிசோதனை நாள்

உரிமையாளர் அல்லது ஸ்கிப்பர் கட்டாயம் வாருங்கள், சாவி கொடுத்து அனுப்பாதீர்கள். ஜாக்கெட்டுகளைத் திறந்து காக்பிட்டில் பரப்புங்கள். ஃபிளேர்களைத் தேதி தெரிய அடுக்குங்கள். தரைப்பலகைகளைத் தூக்கி வையுங்கள். சான்றிதழ்கள் ஒரே உறையில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்: பக்கத்துப் படகிலிருந்து பொருளைக் கடன் வாங்கிக் காட்டாதீர்கள். ஒரே தீயணைப்பானை, ஒரே கீறலோடு, ஒரே காலையில் இரண்டு படகில் பார்த்திருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பரிசோதகரும் மறுபரிசோதனைக்கு நேரம் தருவார். நாங்கள் கையெழுத்திடுவது அந்த நாளில் கண்ணில் பட்டதற்கு மட்டுமே. புறப்படுவதா, தொடர்வதா என்ற முடிவு படகுக்கே உரியது என்று விதி 3 சொல்கிறது.

படி 9: பந்தய நாள்

கட்டித்துறையை விட்டு விலகுமுன் 5 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவரிடம் நீங்களே காட்டாதீர்கள். "தீயணைப்பான் எங்கே, வீசுகயிறு எங்கே, எஞ்சினை நிறுத்துவது எப்படி" என்று கேளுங்கள். தேடட்டும், தொடட்டும். கண்ணால் பார்த்ததை விடக் கையால் தொட்டது நினைவில் நிற்கும்.

பந்தயக் குழுப் படகில் ஒய் கொடி ஏறினால் எல்லோரும் மிதவை அங்கி (லைஃப் ஜாக்கெட் அல்லது மிதவை உதவி) அணிய வேண்டும். உடை மாற்றும் சிறு நேரம் மட்டும் விலக்கு. ஈரத் தடுப்பு உடுப்பு அங்கியாகாது. வி கொடி ஏறினால் பாதுகாப்பு அறிவுறுத்தலுக்காக ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருங்கள். கொடி ஏறாவிட்டாலும் சூழலுக்கு ஏற்ற அங்கியை அணிவது ஒவ்வொருவரின் தனிப் பொறுப்பு. ஆபத்தில் இருக்கும் படகுக்கோ மனிதருக்கோ உதவுவது விதிப் புத்தகத்தின் முதல் விதி. அதனால் இடம் இழந்தால் நிவாரணம் கேட்க வழி உண்டு. தயங்காமல் திரும்புங்கள்.

பந்தயத்திலிருந்து விலகினால் குழுவுக்கு உடனே சொல்லுங்கள். சொல்லாமல் துறைக்குப் போன ஒரு படகை, இருட்டிய பிறகும் மீட்புப் படகு தேடிக்கொண்டிருந்த மாலை ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. தேடியவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

திரும்பி வந்ததும் ஜாக்கெட்டுகளை நன்னீரில் அலசி, நிழலில் விரித்துத் தொங்கவிடுங்கள். வாரின் கொக்கிகளையும் அலசுங்கள், உப்பு அதன் வில்லைக் கெடுக்கும். அன்று எது சிக்கியது, எது எட்டவில்லை, எது தாமதமானது என்று படகிலுள்ள நோட்டில், குழு கலையும் முன்பே, அவர்களைக் கேட்டு எழுதுங்கள். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், எங்கள் முன்தளக்காரி எழுதியது: "வீசுகயிறு பை, மெயின் ஷீட் (பெரும்பாயின் கயிறு) சுருளுக்கு அடியில். 14 விநாடி." அடுத்த வாரம் அந்தப் பையை சுக்கானுக்கு இடதுபுறம் மாட்டினோம். இப்போது 4 விநாடி ஆகிறது.